பலகையை விட்டு இறங்காதவள்

"கீழே இறங்குடி. பாய் போட்டாச்சு, பிடிச்சுக்கக் கயிறும் கட்டியாச்சு."

"மாட்டேன் பெரியம்மா. பலகை மேலேயே பெத்துக்கிறேன்."

மருத்துவச்சி செல்லாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலாயாவில் கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடி அறுத்தவள் அவள். எல்லாப் பெண்களும் தரையில்தான் பெற்றார்கள். இந்தக் குணவதிக்கு மட்டும் படுக்கைப் பலகை கேட்கிறது. அதன் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் சாக்கில் திரை வேறு தொங்குகிறது, பெரிய மகாராணி.

"சரி, இந்தக் கசாயத்தையாவது குடி. வலி நல்லா எடுக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும்."

"இப்ப வேணாம்."

"தண்ணிக்குடம் உடைஞ்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? பிள்ளை உள்ளேயே மூச்சு முட்டிப் போனா யாரு பதில் சொல்றது?"

குணவதி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் புருஷனைப் போன மாதம்தான் ஜப்பான்காரன் ரயில் பாதை போட சயாமுக்குப் பிடித்துப் போனான். அந்த வேதனையில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று செல்லாயி முடிவு கட்டினாள். இல்லாவிட்டால் வயிற்றுப் பிள்ளையை எவளாவது இப்படிச் சாகக் கொடுப்பாளா?

வெளியே லோரி வந்து நின்றது. காலையிலேயே பரவிய சேதி பொய்யில்லை, இன்றைக்கும் ஆள் பிடிக்கத்தான். கங்காணி முருகையாவும் ஒரு சிப்பாயும் தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள்.

"செல்லாயி, உன் மகன் பரஞ்சோதி எங்க? மறைக்காம சொல்லு லா," என்றான் முருகையா வாசலில் நின்று.

"காட்டுப் பக்கம் ஓடிட்டான். எங்க இருக்கான்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

அவளுக்கு அவன் ஒரே பிள்ளை.

சிப்பாய் உள்ளே காலை வைத்தான். குணவதி போட்ட அலறலில் அப்படியே பின்வாங்கினான்.

"பிள்ளை பெறுற வீடு, ஆம்பள நுழையக்கூடாது," என்று முருகையா சைகை காட்டி அவனை அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

கடைசியில் லோரி கிளம்பிப் போனது.

"போயிட்டானுங்களா பெரியம்மா?"

"போயிட்டானுங்க. இப்பவாவது சொன்னதைக் கேளு. தரையில இறங்கு, கசாயத்தைக் குடி."

"எல்லாம் செய்யிறேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னுதான் இவ்வளவு நேரம் சொல்லல." குணவதி மூச்சு வாங்கியபடி தொங்கிய சாக்கை ஒதுக்கினாள். "முதல்ல பலகைக்கு அடியில இருக்கிற உங்க மகனை வெளியே போகச் சொல்லுங்க."