மாதையன் பெயருக்கு வந்த பார்சல்

“மாதையன்! மாதையன் ஊடு இதுங்களா?”

புழக்கடையில் துணி அலசிக்கொண்டிருந்த தேவிப்ரியாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பார்சல் நாளைக்குத்தான் வரும் என்று ஆப்பில் போட்டிருந்தது. நாளைக்கு மாமியார் அத்தாயி சர்க்கரை மாத்திரை வாங்க ஓமலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். வீட்டில் தான் மட்டும்தான் இருப்போம் என்று பார்த்துத்தான் தேவிப்ரியா அந்தக் குக்கரை ஆர்டர் போட்டிருந்தாள்.

ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டது.

முதல் முறை வாங்குகிறவர்களுக்கு இருநூறு ரூபாய் தள்ளுபடி. அவள் தன் நம்பரில் ஒரு முறை முதல் ஆளானாள். பிறகு கணவன் முருகானந்தத்தின் நம்பரில். பிறகு அம்மா நம்பரில், அதற்கப்புறம் அத்தாயி நம்பரில். தெருவில் யார் எது வாங்குவதாக இருந்தாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“இன்னும் யாரு நம்பர்டி பாக்கி?” என்று முருகானந்தம்கூடச் சிரித்தான்.

அவன் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவளுக்கு டிவி அலமாரியில் கிடந்த மாமனாரின் பட்டன் போன் கண்ணில் பட்டது.

அதை யாரும் எடுப்பதில்லை. கேஸ் புக்கிங்கும் பேங்க் மெசேஜும் அந்த நம்பருக்குத்தான் வரும் என்பதால் முருகானந்தம் அதற்கு ரீசார்ஜ் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். தேவிப்ரியா போனை உயிர்ப்பித்து, வந்த ஓடிபியைப் பார்த்துக்கொண்டு, மெசேஜை அழித்துவிட்டு மறுபடியும் அணைத்து வைத்தாள். பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரைப் போட்டால் பழைய ஆள் என்று கண்டுபிடித்துவிடுமோ என்று பயம். மாமனார் பெயரையே, மாதையன் என்று அடித்தாள்.

திருடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் அடித்தாள்.

“மாதையன் அண்ணா இருக்காருங்களா? போன் பண்ணுனா சுவிச் ஆஃப்னே வருதுங்க!”

இந்த முறை இன்னும் சத்தமாக.

தேவிப்ரியா ஈரக்கையோடு உள்ளே ஓடிவந்தாள். சமையலறைக் கதவு வரைக்கும்தான் கால் வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

முன்வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அத்தாயி எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த காயெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது. எதிர்வீட்டுக் கண்ணாத்தாள் குழாயடியில் குடத்தைப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வெளியே போய், அது எனக்கு வந்ததுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணாத்தாள் முன்னால் அதை எப்படிச் சொல்வது? இருநூறு ரூபாய்க்காக என்றா?

தேவிப்ரியா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அத்தாயி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட் அருகே போனாள்.

“இந்த ஊடுதாஞ் சாமி,” என்றாள். “அவரு வெளிய போயிருக்காரு. நான் அவரு சம்சாரந்தான். குடுங்க, நான் வாங்கி வெக்கறேன்.”

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. கண்ணாத்தாள் குழாயை மூடிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டெலிவரிக்காரர் போனை நீட்டினார். அத்தாயி அவர் காட்டிய இடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

“பேரு மாதையன்தானுங்களே?”

“ஆமாங்க. மாதையன்.”

அந்தப் பெயரை அத்தாயி சொல்லி தேவிப்ரியா கேட்டதே இல்லை.

வண்டி போன பிறகும் அத்தாயி கேட்டிலேயே நின்றாள். பிறகு பார்சலை இடுப்பில் வைத்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவளைப் பார்த்தாள்.

தேவிப்ரியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது.

“நாந்தாங்க அத்தை. மாமா நம்பர்ல போட்டா எரநூறு ரூவா கம்மியாச்சுங்க. அதனாலதான்…”

திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும்போல் இருந்தது.

அத்தாயி திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, பார்சலில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல அவரு பேரு எங்க இருக்குது?”

தேவிப்ரியா குனிந்து காட்டினாள். சின்ன இங்கிலீஷ் எழுத்து. அத்தாயி அதன்மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

“என்னுதுங்க அத்தை அது, குக்கரு. வேணாம்னா திருப்பி அனுப்பிடறேன்.”

“அனுப்பாத சாமி.”

அத்தாயி பார்சலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த மொற எது வாங்குனாலும் அவரு பேர்லயே போடு,” என்றாள் அத்தாயி. “அவர மண்ணுல வெச்சுப் பதினோரு மாசமாச்சு. நம்ம வாசல்ல நின்னு, இருக்காரான்னு அவரு பேரச் சொல்லி இன்னிக்குத்தான் ஒருத்தர் கூப்பிட்டாங்க.”

“சரிங்க அத்தை” என்றாள் தேவிப்ரியா.

தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்.