மேடையில் இல்லாத எட்டு மாதங்கள்

ஓவியக் கல்லூரியில் இருபத்தாறு வருடம் மாடலாக நின்ற தனபாக்கியத்தை ஆவணக் காப்பகத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். மாணவர்கள் அவளை வரைந்த படங்களையெல்லாம் சேர்த்து, ஒரு மெஷினைக் கொண்டு ஒளியால் ஆன ஓர் உருவத்தை அங்கே செய்திருந்தார்கள். இனி வகுப்பில் அதுதான் நிற்கும்.

அவள் பார்க்கப் பார்க்க உருவத்துக்கு வருடம் வருடமாக வயது ஏறிக்கொண்டே வந்தது. காப்பாளர் ரெஹானா ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“இங்க எட்டு மாசத்துக்குப் படமே கிடைக்கலக்கா. மெஷினே நிரப்பிடுச்சு. சரியா இருக்கான்னு பாருங்க.”

ஒளியில் இருபத்தொன்பது வயது தனபாக்கியம் ஒட்டிய வயிற்றோடு நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த தனபாக்கியத்துக்கு, மணிக்கணக்கில் அசையாமல் நின்று பழகியவளுக்கு, இப்போது நிற்க முடியவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

“இது நான் இல்லம்மா. அப்ப நான் முழுகாம இருந்தேன். வேலைக்கு வரல.”

“அப்படியா? வயித்த மாத்திடச் சொல்றேன், ஒரு நிமிஷம்.”

“வேணாம்.” தனபாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “புள்ள ரெண்டு நாள்தான் இருந்தான். அந்த வயித்த இங்க யாரும் பாக்கல. மெஷினும் பாக்க வேணாம். வரலன்னு போடு.”

“காலியா விட்டா மேல கேப்பாங்கக்கா.”

“நான் லீவுல இருந்தேன்னு சொல்லு.”

ரெஹானா அந்த எட்டு மாதத்து உருவத்தை அழித்தாள்.

திங்கட்கிழமை உருவத்துக்கு முதல் வகுப்பு. தனபாக்கியம் பின்சுவரோரம் இருப்புக்கொள்ளாமல் நின்றாள். உருவத்துக்கு இருபத்தொன்பது வயதானதும் மேடை காலியானது. அது திரும்பி வரும்வரை மாணவர்கள் கரித்துண்டைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

அப்போதுதான் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.