வேலைக்காறி

ரைட்டர் பக்தவச்சலம் தகரக் குழாயிலிருந்து கடிதத்தை உருவியதுமே, கன்னியப்பன் மனசுக்குள் தேவகிக்குத் தாலி கட்டிவிட்டான்.

ராணிப்பேட்டைத் தோல் கிடங்குத் துரையின் பங்களாவுக்கு ஒரு பட்லர் வேண்டும். வேலை கிடைத்தால்தான் பெண் என்று தேவகியின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அதனாலென்ன? இவன் சமையலைப் புகழ்ந்து, வேலூர்க் கோட்டையில் இருந்த பழைய எஜமான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த நற்சாட்சிக் கடிதம் இருக்கிறதே.

பங்களா வேலைக்குப் போகிறவர்கள் எல்லாருமே இப்படிக் கடிதத்தைக் குழாயில் அடைத்துப் பரணில் பத்திரமாக வைத்திருப்பார்கள். படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

துரையின் மனைவி துரைசாணியின் தோளில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. காலையிலிருந்து அதே பாட்டுத்தான். சீக்கிரம் படி என்று அவள் ரைட்டருக்குச் சைகை காட்டினாள்.

துரையிடம் குமாஸ்தாவாக இருந்த ரைட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடிதம் தமிழில் இருந்தது. யாரோ பழைய பாதிரியார், அந்தக் காலத்து வழக்கப்படி ‘ர’வுக்குப் பதில் வல்லின ‘ற’ போட்டு எழுதியிருந்தார்.

"இன்னாப்பா இது? 'வேலைக்காறி பூவம்மாள்'னு போட்டிருக்குது. நீயா பூவம்மாள்?"

கன்னியப்பன் எட்டி அந்தக் குழாயைப் பார்த்தான். அது, பாதிரியார் குடும்பத்தில் வேலை பார்த்த அவன் அம்மாவின் கடிதம். பரணில் குழாய் மாறிவிட்டது. அம்மா செத்து ஒன்பது வருஷமாகிறது. அவள் குழாயை அவன் திறந்ததே இல்லை.

கல்யாணம் போச்சு.

ரைட்டர் சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்த மற்ற இரண்டு பட்லர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் மனுஷர் விடவில்லை. ஒவ்வொரு வரியையும் துரைசாணிக்கு இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதையும் சொன்னார்.

துரைசாணி குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.

பயத்தில் அவனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் தாலாட்டை முணுமுணுத்தான். பாதிப் பாட்டிலேயே குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிப்போனது.

"நாளைக்கே வந்துடு," என்றார் ரைட்டர், குழந்தை விழித்துவிடாதபடி மெல்ல.

பட்லர் வேலைக்கா, குழந்தையைப் பார்த்துக்கொள்ளவா என்று அவன் கேட்கவில்லை. தேவகியின் அப்பாவும் கேட்கமாட்டார்.

"கடைசியில இன்னா எழுதியிருந்தது, ஐயா?"

ரைட்டர் தணிந்த குரலில் படித்தார்.

'இவள் மகன் கன்னியப்பனுக்கு ஐந்து வயது. இவள் கை ஓய்ந்தால் தொட்டிலை அவன்தான் ஆட்டுகிறான். எங்கள் பிள்ளை அவன் பாட்டுக்கு மட்டுமே தூங்குகிறது.'