இரட்டை மடிப்பு

"விலை எவ்வளவானாலும் பரவாயில்ல. ஜீப்புக்கு முன்பக்க இடது மட்கார்டு, எவர்சில்வர்ல வேணும்" என்றார் வந்தவர். சொல்லிவிட்டு ஏனோ தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

பட்டறைக்காரருக்கு அப்போதே உள்ளுக்குள் பட்சி சொல்லிவிட்டது. பழைய ஜீப்புக்கு எமன் துருதான். அதனால் எவர்சில்வர் பாகம் தேடி அவரிடம் வருகிறவர்கள் ஏராளம். பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல வண்டியை வாசலில் நிறுத்தி, அதன் பூர்வீகத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் விலைக்கு வருவார்கள். அப்புறம் பேரம் பேசியே உயிரை எடுப்பார்கள்.

இந்த ஆளோ நடந்து வந்திருந்தார்.

"வண்டி எங்க சார்?"

"வீட்ல நிக்குது."

"என்ன மாடல்?"

வந்தவர் விழித்தார். "பழசு... ரொம்பப் பழசு."

தன் வண்டியின் மாடல் தெரியாத ஜீப்புக்காரனைப் பட்டறைக்காரர் இதுவரை பார்த்ததில்லை. மேலும் கீழும் அளந்தார். வலது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சட்டைக் கையில் ஒரு சொட்டு ரத்தக் கறை வேறு.

அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

முந்தாநாள் விடிகாலையில் பாலத்து வளைவில் தபால்காரரை ஒரு ஜீப் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. தூரத்திலிருந்து பார்த்த ஒருவருக்கு நம்பர் தெரியவில்லை. தபால்காரர் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். "அந்தப் பாவி மட்டும் என் கையில சிக்கட்டும், தகடு மடிக்கிற மாதிரி மடிச்சுடறேன்" என்று பட்டறைக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் கறுவிக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டிருந்த பாவி வலிய வந்து வலையில் விழுந்திருக்கிறான்!

"உக்காருங்க சார், உள்ளே இருக்கான்னு பார்க்கறேன்" என்று சொல்லி, பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கதவுக்குப் போனார். அங்கே மனைவி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அவள் குரலுக்கு என்றுமே ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை.

"சாப்பிட வரப்போறீங்களா இல்லையா? மாப்பிள்ளையும் பொண்ணும் இலையில உக்காந்தாச்சு. அந்தக் கூட்டத்துல பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்காங்க, பாவம்."

"உஷ்! மெதுவா பேசுடி. ஸ்டேஷனுக்குப் போன் போடு. தபால்காரரை இடிச்சவன் நம்ம பட்டறையில உக்காந்திருக்கான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

போலீஸ் வரும்வரை ஆள் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் கொடுக்கப் பட்டறைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா? காந்தத்தை எடுத்துவந்து, எந்தத் தகட்டில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று வித்தை காட்டினார். வந்தவர் காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த மட்கார்டுகளின் ஓரத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார்.

பிறகு பையிலிருந்து ஒரு துண்டுத் தகட்டை எடுத்தார். ஒரு சாண் நீளம் இருக்கும்.

"இந்த மாதிரி ஓரம் வேணும். எதிர்த் தெருப் பட்டறையில காட்டினேன். இது தன்னோட கைவேலைன்னு அவர் சொல்றாரு."

பட்டறைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. போலீஸும் தபால்காரரும் அந்த நிமிஷம் மறந்தே போனார்கள்.

"அவனா? அவன் அடிச்ச ஓரத்தைத் தொட்டா விரல் துண்டாப் போயிடும்! இங்க பாருங்க, ரெட்டை மடிப்பு. ஒரு தடவை மடிச்சு, அதை மறுபடி உள்பக்கமா மடிச்சிருக்கு. இது என் கை. விக்கிற சாமானுக்கு இவ்வளவு மெனக்கெட்டா கட்டுப்படியாகாது சார். ஒரே ஒரு வண்டிக்குத்தான் போட்டேன்."

"எந்த வண்டிக்கு?"

"பொண்ணு ஏறி இறங்குற வண்டியாச்சே, கையைக் கிழிச்சுடக் கூடாதேன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு நானே கட்டிக் கொடுத்த ஜீப்பு!"

வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. பட்டறைக்காரர் துள்ளி எழுந்து விரலை நீட்டினார்.

"இவர்தான் சார்! விட்டுடாதீங்க!"

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் அந்த ஆளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "என்னண்ணே, நீங்க இங்கயா இருக்கீங்க? நீங்க கொடுத்த ரத்தத்தை ஏத்தியாச்சாம். தம்பி இன்னும் கண்ணு முழிக்கல."

நீட்டிய விரலை மடக்கப் பட்டறைக்காரருக்குத் தோன்றவில்லை.

தபால்காரரின் அண்ணன் அந்தத் துண்டுத் தகட்டை இன்ஸ்பெக்டரின் கையில் வைத்தார். "தம்பியோட சைக்கிள் சக்கரத்துல சிக்கியிருந்துது சார். காலையிலதான் கண்ணுல பட்டுது." அவர் கண் கலங்கியிருந்தது. பட்டறைக்காரர் பக்கம் திரும்பியவர், குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"உங்க மாப்பிள்ளை உள்ளேதானே சாப்பிடறாரு?"