உன்னால முடியாது, நோரீன்!

"இந்தப் பூதம் எனக்கு வேண்டாம்!"

வெர்ன் போட்ட சத்தத்தில், வண்டி பார்க்க வந்திருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கான்சாஸ் மாநிலத்து சலைனா ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற டிரெய்லர் கடை அது. சனிக்கிழமை, நல்ல கூட்டம்.

பூதம் என்று அவர் சொன்னது ஃபிஃப்த் வீல் வண்டியை. படுக்கையறை, அடுப்படி என்று ஒரு வீடே இருக்கும். அதன் மூக்கு பிக்கப் டிரக்கின் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்து, அங்கேயே கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே சாதா டிரெய்லர் நின்றது. அது பம்பருக்குப் பின்னால் மாட்டி இழுப்பது. விலையும் கம்மி, எடையும் கம்மி.

"ரிட்டயர் ஆயிட்டோம். இனிமே இதுதான் நம்ம வீடு. எனக்கு ஃபிஃப்த் வீல்தான் வேணும்," என்றாள் அவர் மனைவி நோரீன். "நம்ம ஊர்க் காத்துக்கு இதுதான் ஆடாது."

"காத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்? சாதா டிரெய்லர் வாங்கினா டிரக் முதுகு காலியா கிடக்கும். என் தூண்டில், படகு மோட்டார் எல்லாத்தையும் போட்டுக்கலாம்."

"உன் தூண்டிலுக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லையா?"

"நீ என்ன, ஓட்டவா போற? குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிட்டுப் போறதுக்குள்ள சுவத்துல ரெண்டு இடி இடிப்பே!"

சாதா டிரெய்லரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "என்ன ஆளோ!" என்று கணவன் காதில் முணுமுணுத்தாள்.

கடைக்காரன் டுவைட்டுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "சார், மேடம் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஃபிஃப்த் வீல் கொஞ்சம்..."

"நீ சும்மா இருப்பா. இவ சர்ச்சுக்கும் மளிகைக் கடைக்கும் சின்னக் கார் ஓட்டுறவ. இதை ஒரு அடி நகர்த்தச் சொல்லு பார்ப்போம்!"

நோரீனின் முகம் சிவந்தது.

"நகர்த்தினா?"

"நகர்த்துறது என்ன பெரிய விஷயம். அதோ, அந்த ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஒரு சந்து தெரியுதா? பின்பக்கமா உள்ளே விட்டுக் காட்டு. விட்டுட்டா நீ கேட்டதையே வாங்கித் தரேன். இல்லேன்னா இனிமே வாயைத் திறக்கக் கூடாது. ஆனா உன்னால முடியாது, நோரீன்!"

"சாவியைக் குடுப்பா," என்று டுவைட்டிடம் கையை நீட்டினாள்.

கடையின் டிரக்கிலேயே ஒரு ஃபிஃப்த் வீல் மாட்டித் தயாராக நின்றது. டுவைட் தயங்கினான். பக்கத்தில் நிற்கும் வண்டிகளின் விலை கண்முன் வந்து போனது. ஆனால் வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் இப்போது நோரீனின் கட்சி. "குடுங்க, குடுங்க," என்றார்கள். கொடுத்துவிட்டான்.

டிரக் உறுமியது. முன்னால் போய், வளைந்து, நின்றது. நோரீன் இறங்கி வந்து அந்தச் சந்தின் அகலத்தை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி ஏறினாள்.

அந்த வீடு மெதுவாகப் பின்னால் ஊர ஆரம்பித்தது. பாதியில் கோணிக்கொண்டது. "ஐயையோ," என்றது கூட்டம்.

நோரீன் பதறவில்லை. கொஞ்சம் முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி பின்னால் விட்டாள்.

உறையில் கத்தியைச் செருகுவது போல உள்ளே போய் நின்றது வண்டி. ரெண்டு பக்கமும் சம இடைவெளி. ஒரு கீறல் இல்லை.

கூட்டம் கைதட்டிய தட்டில் சாலையில் போனவன் ஒருத்தன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். நோரீன் ஜன்னல் வழியாக முஷ்டியை உயர்த்திக் காட்டினாள். வெர்ன் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார்.

"சரி, சரி! அந்தப் பூதத்துக்கே பில் போட்டுத் தொலை!"

நோரீன் உள்ளே அடுப்படியைப் பார்க்கப் போனதும், வெர்ன் டுவைட்டை ஓரமாக அழைத்தார்.

"என்னை நாலு சாத்து சாத்தணும்னு தோணுதா?"

"உள்ளதைச் சொன்னா, ஆமா சார்."

"எனக்குப் பார்க்கின்சன் நோய் வந்திருக்கு. கை நடுங்குது. அடுத்த வருஷமெல்லாம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. 'எனக்கு முடியலை, நீ ஓட்டு'ன்னு சொன்னா, பயணமே வேண்டாம்னு எனக்குக் காவலா வீட்டிலேயே உட்கார்ந்துடுவா. 'உன்னால முடியாது'ன்னு மட்டும் சொல்லிப் பாரு, அப்புறம் அவளை யாராலயும் நிறுத்த முடியாது."

"அப்போ சாதா டிரெய்லர்?"

"காத்துல வாலை ஆட்டும் தம்பி. புதுசா ஓட்டப் போறவகிட்ட அதைக் குடுப்பேனா? வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஃபிஃப்த் வீல்தான்னு முடிவு பண்ணிட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் நிறையச் சிரிப்பு. "என்னமா விட்டா பாத்தியா!"

டுவைட் தலையை ஆட்டிவிட்டு வண்டிக்குள் போனான். நோரீன் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அசத்திட்டீங்க! முதல் தடவையே இப்படியா?"

நோரீன் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். வெர்ன் கூட்டத்தாரிடம் கையை ஆட்டி ஆட்டி, அவள் வண்டி விட்ட அழகை வர்ணித்துக்கொண்டிருந்தார்.

"முதல் தடவையா? வசந்த காலம் முழுக்க என் தங்கச்சி பண்ணைக்குப் போய், அவளோட குதிரை டிரெய்லரை வெச்சுப் பழகினேன். அவ வேலியில பாதி இப்போ இல்லை. சட்டைப் பட்டன் போட இந்த மனுஷன் படுற பாடு எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு அவனுக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சொல்லிடாதே தம்பி. என்னைச் சீண்டி ஜெயிச்சிட்டதா நினைச்சு, எவ்வளவு சந்தோஷமா நிக்கிறான் பாரு!"