கேப்டனுக்குப் பசிக்கிறது

என் மகன் நன்மாறன் இறந்த பிறகும் அவனுடைய விண்கப்பல் இணைய விளையாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. இறந்த கேப்டனின் போக்கைக் கற்றுக்கொண்டு, அவர் குரலிலேயே கப்பலை நடத்த அந்த விளையாட்டுக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்கத்தான் வேறு பெயரில் அந்தக் கப்பலில் சேர்ந்தேன்.

"புது அக்கா, நீங்க என்ஜினைப் பாருங்க. சண்டை நேரத்துல வெட்டிப் பேச்சு பேசினா வெளியே தள்ளிருவேன். அப்புறம் இந்தக் கப்பல்ல ஏறவே முடியாது" என்றான். சரி என்றேன்.

எதிரிக் கப்பல்கள் சூழ்ந்தன. "இடப்பக்கம் சுடுங்க!" என்று கத்தியவன் அதே மூச்சில், "ம்மா, பசிக்குதும்மா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"உயிரோட இருந்தப்ப மைக்கை அணைக்காம வீட்டுல கத்துவாரு. கேம் அதையும் சேர்த்துக் கத்துக்கிச்சு. கண்டுக்காதீங்கக்கா" என்றாள் பீரங்கியில் இருந்த ஃபர்சானா.

அதற்குள் நான், "தோசை ஊத்திட்டேன், வாடா" என்று சொல்லிவிட்டேன்.

"யாருங்க அது நடுவுல?"

"நான்தான்டா, அம்மா."

"எங்கம்மா அடுப்படியில இருக்காங்க. யாருகிட்ட கதை விடுறீங்க?"

"பாவம், விட்டுருங்க கேப்டன்" என்றாள் ஃபர்சானா. பின்கதவு திறந்து என்னை இருட்டில் தள்ளியது.

கப்பல் தொலைவில் மறையும்வரை அவன் குரல் காதில் விழுந்தது. பதில் வராததால், "ம்மா! ம்மா!" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே போனான்.