விடுபடாத சனிக்கிழமைகள்

குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் எள் விளக்கை ஏற்றி வைத்த விஜய்பாண்டி, சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் செல்போனைப் பார்த்தான்.

‘சனி - குச்சனூர் விளக்கு’ என்ற வரிக்கு முன்னால் இருந்த கட்டத்தில் ஒரு எக்ஸ் போட்டான்.

இதுதான் கடைசி எக்ஸ். மகனுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று அம்மா பாண்டீஸ்வரி நேர்ந்துகொண்ட வேண்டுதல் இன்றோடு முடிந்தது.

ஆப் எதையும் அவன் நம்புவதில்லை. வெறும் நோட்பேடுதான். முடித்த வேலைக்கு எக்ஸ், அதற்குக் கீழே அதே வேலை அடுத்த தேதியோடு. அம்மாவின் பிரஷர் மாத்திரை, வண்டிக்கு ஆயில், சனீஸ்வரர், எல்லாருக்கும் அதில் ஒரே மரியாதை. போடியில் ஏலக்காய் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். ஏதாவது விடுபட்டுப்போனால் அவன் உடம்புக்கே ஆகாது.

வேண்டுதலுக்கும் அதே சட்டம்தான். ஒரு வாரம் விட்டாலும் மறுபடி முதலிலிருந்து.

சனீஸ்வரர் கருணை இல்லாதவர் என்று யார் சொன்னது? வேண்டுதல் முடியும் முன்பே உத்தமபாளையத்தில் பெண் அமைந்துவிட்டது. பெயர் நதியா, பள்ளிக்கூட டீச்சர். ஜாதகம் பொருந்தி, போட்டோ மாற்றி, போனில் பேசிச் சிரித்தும் ஆயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை நோட்பேடில் எழுதாமலே தினமும் செய்தான். அது அவளுக்குப் போன் போடுவது.

பெண் பார்க்கப் போவதுதான் பாக்கி. பட்டாளத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் சின்ன லீவில் வந்திருந்தான். ஞாயிறு விடியும் முன் ரயில் ஏற வேண்டும். வியாழனும் வெள்ளியும் அஷ்டமி நவமியில் போக, மிஞ்சியது இன்றைய சனிக்கிழமை மட்டும்.

குச்சனூருக்குப் போனவன் நேராகத் தன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அன்று முழுக்க இன்னொருவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதுவும் பெண் பார்க்கவா?

நதியா கேட்டுப் பார்த்தாள். “இந்த ஒரு வாரம் மட்டும் விடக் கூடாதா?”

பதிலுக்கு அவன் எக்ஸ் வரிசையை அப்படியே படம் பிடித்து அவளுக்கு அனுப்பினான். அந்த ஒழுங்கைப் பார்த்தால் யாருக்கும் தன்மேல் மதிப்பு கூடும் என்று மனதார நம்பினான்.

அன்றிலிருந்து பெண் வீட்டில் பேச்சு இல்லை. இப்போது அம்மா போனில் கூப்பிட்டாள்.

“பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாகய்யா. வாராவாரம் குச்சனூருக்கு ஓடுறவனுக்கு என்ன தோசமோ, ஜாதகத்தை மாத்தி எழுதிட்டீகளோன்னு கேக்குறாக. எம்பிள்ளைக்கு ஒரு தோசமும் இல்லைன்னு நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?”

விஜய்பாண்டிக்கு, கல்யாணத்துக்காக ஏற்றிய விளக்கே கல்யாணத்தைக் கெடுத்துவிட்டதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெண் வீட்டு ஜோசியர் யாரோ, அவர் நாசமாய்ப் போகட்டும் என்று கோயிலுக்குள் நின்றே திட்டினான்.

நதியாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. தெரிந்தால் வீட்டில் சண்டை போடுவாள், தன் பக்கம் நிற்பாள். அவளுக்குப் போன் போட்டான்.

மணி அடித்து ஓய்ந்தது. பின்னாலேயே மெசேஜ் வந்தது.

“தோஷம்னு வீட்ல கிளப்பிவிட்டதே நான்தான், நீங்க அனுப்பின அந்த எக்ஸ் வரிசையைப் பார்த்த அன்னைக்கே. நிஜக் காரணத்தைச் சொன்னா எங்க வீட்ல யாருக்கும் புரியாது. உங்களுக்கும்தான்.”